கேல்மானா, ரான்ஸ்மாயரா: எதை முதல்ல எடுக்கறது?

ரெண்டும் ஜெர்மன் மொழி நாவல், ரெண்டும் நிஜ ஆராய்ச்சிப் பயணத்தை வச்சு எழுதினது, ஆனா படிக்கிற அனுபவம் வேற வேற.

டேனியல் கேல்மானோட ‘உலகை அளத்தல்’ 2005ல வந்துச்சு. ஒரு பக்கம் ஜெர்மன் இயற்கை ஆராய்ச்சியாளர் ஹம்போல்ட், தென் அமெரிக்காவுல மலை, ஆறுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் அளக்கறாரு, இன்னொரு பக்கம் வீட்டை விட்டு நகரவே பிடிக்காத கணித மேதை காஸ். முதலிரவுல ஏதோ சூத்திரம் தோணி எழுந்து போய் குறிச்சு வைக்கிறாரு மனுஷன்! பேச்செல்லாம் "இப்படிச் சொன்னாராம்" பாணியிலயே போகும், அதுலதான் கிண்டலே இருக்கு. வரலாறா மட்டும் நம்பிடாதீங்க, நிறைய கற்பனை.

கிறிஸ்டோஃப் ரான்ஸ்மாயர் 1984ல எழுதின ‘பனியின், இருளின் பயங்கரங்கள்’ முழுக்க பனியும் இருட்டும்தான். 1872ல வைப்ரெக்ட், பாயர் தலைமையில ஆர்க்டிக் கடலுக்குக் கிளம்பின ஆஸ்திரிய-ஹங்கேரி கப்பல் ‘டெகெட்ஹோஃப்’ அந்த வருஷமே பனியில சிக்கிடுது, மிதந்து மிதந்து 1873ல யாரும் அறியாத ஒரு தீவுக்கூட்டத்துக்குப் போய்ச் சேருது, அதுக்கு பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் பேரையே வச்சிடறாங்க, அப்புறம் 1874ல கப்பலைக் கைவிட்டுட்டு படகுகளைப் பனி மேல இழுத்துக்கிட்டு நடக்கறாங்க பாருங்க, ரெண்டு மாசம் இழுத்தும் சில மைல்தான். நிஜ டைரிக் குறிப்புகளே நடுநடுவுல வருது. அவங்க தடத்தைத் தேடி 1981ல போய்க் காணாமப் போற மாட்சினிங்கற பாத்திரம் மட்டும் கற்பனை.

சிரிச்சுக்கிட்டே படிக்கணும்னா கேல்மான். என் ஓட்டு ரான்ஸ்மாயருக்கு, மெதுவாத்தான் போகும், ஆனா அந்தக் குளிர் விடவே மாட்டேங்குது.