மாமாவை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது?

போன பொதுத்தேர்தல் சமயம், மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஓர் ஒட்டுக்கடை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகன், என் மாமாவிடம், "தாத்தா, நீங்க இடதுசாரியா வலதுசாரியா?" என்று கேட்டுவிட்டான். தோட்டத்து லயத்தில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து, பாதி வாழ்நாள் ஆளுங்கூட்டணியிலிருந்த மலேசிய இந்தியக் காங்கிரஸான மஇகாவுக்கும் 2008க்குப் பிறகு எதிரணிக்கும் ஓட்டுப் போட்ட மனிதர் அவர். தே தாரே என்ற ஆற்றிய பால்தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "நான் தமிழ்ப்பள்ளிக் கட்சிடா" என்றார்.

பையன் சிரித்தான். எனக்கு அது சிரிக்கிற பதிலாகத் தெரியவில்லை. அரசியல் கருத்தை அளக்க உலகத்தில் நாலைந்து அளவுகோல் வைத்திருக்கிறார்களே, அதில் மாமாவை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பழைய கோடு. 1789இல் பிரெஞ்சு மன்றத்தில் அரசருக்குத் தடை அதிகாரம் வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கமும் வேண்டும் என்றவர்கள் வலப்பக்கமும் உட்கார்ந்ததிலிருந்து வந்த வழக்கு. சம்பளம், வரி, தொழிற்சங்கம் என்று பேச்சு வந்தால் இன்றும் உதவும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சுங்கை சிப்புட்டைப் பாருங்கள். 1974 முதல் அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த மஇகா தலைவர் சாமிவேலுவை 2008இல் ஜெயக்குமார் தேவராஜ் தோற்கடித்தார். அவர் சோசலிஸ்ட், நின்றதோ அன்றைய எதிரணிக் கட்சியான பிகேஆரின் சின்னத்தில். அன்று ஓட்டுப் போட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக இடதுசாரி ஆகிவிட்டார்களா என்ன? இந்தியர் உரிமை கேட்டு 2007 நவம்பரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியின் கோபம் இந்தக் கோட்டில் எந்தப் பக்கம்? நம் பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஜனநாயக சோசலிசம் பேசி வளர்ந்த ஜனநாயக செயல் கட்சி (ஜசெக), ஆட்சிக்கு வந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை வருந்தி அழைக்கிறது. தப்பென்று சொல்லவில்லை, கோடு அதற்கு வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நாலு கட்டம். பொருளாதாரத்துக்கு ஓர் அச்சு, தனிமனிதச் சுதந்திரத்துக்கு இன்னோர் அச்சு. அமெரிக்காவின் டேவிட் நோலன் வரைந்த படம் பிரபலம். அவர் எதிலும் அரசின் தலையீடு குறைய வேண்டும் என்கிற லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதனால் இரண்டு சுதந்திரமும் வேண்டும் என்பவர்கள் படத்தின் உச்சியில் போய் உட்கார்வது தற்செயல் இல்லை. படம் வரைகிறவன் தன் வீட்டை மேட்டில்தான் வரைவான். 2001 முதல் இணையத்தில் இருக்கும் பொலிட்டிக்கல் காம்பஸ் என்ற சோதனை 62 வாக்கியங்களைக் கொடுத்து, ஏற்கிறேன், மறுக்கிறேன், அழுத்தமாக ஏற்கிறேன், அழுத்தமாக மறுக்கிறேன் என்ற நாலில் ஒன்றை அழுத்தச் சொல்கிறது. நடுவில் நிற்க இடமில்லை.

இது கோட்டைவிட நல்லது என்பதற்கு இஸ்லாமியக் கட்சியான பாஸே சாட்சி. நலன்புரி நாடு என்ற பேச்சால் ஒரு பக்கம், ஹுடுட் என்ற இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தால் இன்னொரு பக்கம் என்று கோட்டில் தத்தளிக்கும் கட்சிக்கு இங்கே தனியாக ஒரு மூலை கிடைக்கிறது. ஆனாலும் நம் ஊர்க் கேள்வி அதில் இல்லை. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்குச் சலுகை தர 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையை எடுங்கள். அரசு பொருளாதாரத்தில் கைவைக்கலாமா என்று கட்டம் கேட்கும். கைவைத்து யாருக்குக் கொடுப்பது, இனம் பார்த்தா தேவை பார்த்தா என்று கேட்காது. இங்கே அரைநூற்றாண்டாக அடித்துக்கொள்வது அதற்குத்தான். கருக்கலைப்பும் கஞ்சாவும் இருக்கிற பட்டியலில் தாய்மொழிப் பள்ளி இல்லை. மாமாவை உட்கார வைத்துப் போட்டுப் பார்த்தால் புள்ளி எங்கோ நடுவில் விழும், அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குதிரைலாடம் என்று ஒன்றும் உண்டு. தீவிர இடது, தீவிர வலது என்ற இரண்டு முனையும் லாடம் மாதிரி வளைந்து ஒன்றையொன்று நெருங்கும் என்பார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மனநிம்மதி தரும், வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நான் கையில் எடுத்தது ஒரு வெள்ளைத்தாள். விஷயங்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் முடிவெடுப்பது, யாருக்குப் போய்ச் சேருவது, செலவு யார் தலையில் என்று மூன்றே கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம், பெட்ரோல் மானியம், தமிழ்ப்பள்ளி, அப்புறம் நகராண்மைத் தேர்தல். கடைசியது விசேஷம். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் மக்கள் 1951லேயே ஓட்டுப்போட்டு நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள். முதல் மேயர் தொழிலாளர் கட்சியின் டி. எஸ். ராமநாதன், நம்மவர். 1965இல் நிறுத்திய தேர்தல் பிறகு வரவேயில்லை. இப்போது வேண்டும் என்பவரிடம் ஏன் என்று கேட்டால் கணக்குக் கேட்கும் உரிமை என்பார், வேண்டாம் என்பவர் நகரத்தில் எந்த இனம் அதிகம் என்று கணக்குப் போடுவார். இதில் இடதெங்கே, வலதெங்கே?

இந்தத் தாளிலும் குறை உண்டு. புள்ளி விழாது, படம் வராது, நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமையடிக்க முடியாது. தாளில் பத்து விஷயம் இருந்தாலும் கையில் ஒரே ஓட்டு, கட்சிகளோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் தருகின்றன. என்றாலும் நான் இதைத்தான் எடுப்பேன். நாலு கட்டத்தை விருந்தில் வம்பு பேச வைத்துக்கொள்ளலாம்.

மாமாவிடமும் மகனிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். மானியத்தில் இருவரும் எலியும் பூனையும். நகராண்மைத் தேர்தலில் மட்டும் இரண்டு பேரும் "வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்ற இடத்தில் பையன் ஜனநாயகம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தான். மாமா எழுதியது: "வீட்டு முன்னாடி சாக்கடை."