மதிப்பெண் பட்டியல் நிரல்: பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா?

மாணவர்களின் சராசரியைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் நிரலை எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குவோருக்காக இந்த ஒப்பீடு.

எளிமை: பைத்தானில் சில வரிகளே போதும், சி பிளஸ் பிளஸ்ஸில் தரவு வகைகளை (முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா என்பதை) அறிவித்து, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்குத் தொகுத்த (கம்பைல் செய்த) பின்னரே இயக்க முடியும்.

சராசரி: 5 பாடங்களில் 449 பெற்றவருக்குப் பைத்தானின் வழக்கமான வகுத்தல் 89.8 என்று காட்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் இரண்டையும் முழு எண்களாகவே வைத்து வகுத்தால் 89 மட்டுமே கிடைக்கும், இது அந்த மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி.

சம மதிப்பெண்: பைத்தானின் வரிசையாக்கம், ஒரே மதிப்பெண் பெற்றவர்களை மூலப் பட்டியலில் இருந்த முறையிலேயே வைத்திருக்கும், சி பிளஸ் பிளஸ்ஸின் வரிசையாக்கக் கட்டளையான 'சார்ட்' (sort) அந்த உறுதியைத் தராததால் 'ஸ்டேபிள் சார்ட்' (stable_sort) தேவைப்படும்.

வேகம்: ஒரு வகுப்பின் பட்டியலுக்கு இது பொருட்டே அல்ல.

பட்டியலை விரைவில் முடிக்க வேண்டிய ஆசிரியருக்குப் பைத்தானே ஏற்றது. தரவு வகைகளையும் நினைவகத்தையும் ஆழமாகக் கற்க விரும்பும் மாணவர் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிப் பழகலாம்.