மரத்தைச் சுருக்கி ஆடுகிறேன்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மறுபதிப்போடு ஐந்தாண்டுகள்

2019 நவம்பர் 14 அன்று வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிட்டிவ் எடிஷன்’ விளையாட்டை அடுத்த மாதமே வாங்கி, அன்றிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாக, வாரத்தில் இரண்டு இரவுகளாவது ஆடிவருகிறேன். மரம், உணவு போன்ற வளங்களைச் சேர்த்து ஊரை வளர்த்து, படை திரட்டி எதிரியை வீழ்த்தும் கணினி விளையாட்டு இது. இதன் மூலப்பதிப்பு 1999இல் வந்தது. எனக்கு அது அறிமுகமானது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டரில். நான்கு கணினிகளை லேன் வயரால் இணைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரன் நம் திரையை எட்டிப் பார்க்காதபடி அட்டை வைத்து மறைத்துக்கொண்டு ஆடிய காலம் அது. ஆகவே இந்த மதிப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பழையதை விரல்நுனியில் வைத்திருப்பவனுக்குப் புதியது எப்படிப் பழகியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

படங்களைப் பார்த்துவிட்டு இதை முப்பரிமாண விளையாட்டு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வீரர்களையும் கட்டடங்களையும் முப்பரிமாண உருவங்களாகச் செய்து, அவற்றை எல்லாக் கோணங்களிலும் முன்கூட்டியே தட்டையான சித்திரங்களாக எடுத்துவைத்து, அந்தச் சித்திரங்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓட்டுகிறார்கள். 1999இலும் இதே முறைதான். அன்று 256 வண்ணங்களில் இருந்த சித்திரம் இன்று 4கே திரைக்கு ஏற்றபடி பெரிதாகியிருக்கிறது, இடிந்து விழும் கோட்டை கல்கல்லாகச் சரிகிறது, சக்கரத்தை உருட்டி அருகில் போய்ப் பார்க்க முடிகிறது. ஆனால் அடியில் ஓடுவது, 1997இல் வந்த முதல் பாகத்துக்காக எழுதப்பட்ட ‘ஜீனி’ என்ஜினின் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வழிவந்ததுதான். புதிய என்ஜினில் முதலிலிருந்து எழுதியிருந்தால் வில்லாளி நாணை இழுத்து அம்பை விடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நொடியின் ஒரு பங்கும், குதிரை திரும்பும் விதமும் கட்டாயம் மாறியிருக்கும். பழைய ஆட்டக்காரனின் கை அதை உடனே கண்டுபிடித்திருக்கும். எச் விசையை அழுத்தினால் டவுன் சென்டர், அதாவது ஊரின் மையக் கட்டடம், என்று இருபதாண்டுகள் பழகிய என் விரல் இங்கே ஒருநாள்கூடத் திணறவில்லை.

தயாரித்த குழுக்களில் முதன்மையான ஃபர்காட்டன் எம்பயர்ஸ், 2012இல் ரசிகர்கள் தாங்களாகவே செய்து வெளியிட்ட ஒரு விரிவாக்கத்திலிருந்து உருவான குழு. எதைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொட்ட இடங்களில் எனக்கு மிகவும் முக்கியமானது வயல். அறுபது மரம் கொடுத்து ஒரு வயலைப் போட்டால், மேம்பாடு எதுவும் செய்யாத நிலையில் அதில் 175 உணவு விளையும். விளைந்து தீர்ந்ததும் நிலம் தரிசாகி, வில்லேஜர் எனப்படும் ஊர்த் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். முதல் பதிப்பில் ஒவ்வொரு தரிசையும் தேடிப்போய் மறுபடி போட வேண்டும். 2000இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தில், மில் என்ற ஆலைக் கட்டடத்தில் முன்பணம் கட்டுவதுபோல வயல்களை வரிசையில் போட்டுவைக்கும் வசதி வந்தது. இப்போதோ மில்லில் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் மரம் இருக்கும்வரை வயல்கள் தாமே விதைத்துக்கொள்கின்றன. சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஊருக்குள் ஓடிவந்து பத்து வயல்களைப் போட்டுவிட்டு, அதே மூச்சில் போர்க்களத்துக்குத் திரும்புவதே திறமை என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். முதல் மாதம் அந்தப் பொத்தானைப் பிடிவாதமாக அழுத்தாமல் ஆடித் தொடர்ந்து தோற்றேன். இப்போது அழுத்துகிறேன். மிச்சமான கவனம் படை நடத்துவதற்குப் போகிறது என்பதால் அதில் வருத்தமில்லை. வேவுக்குதிரையைத் தானாகவே சுற்றவிடும் வசதியை மட்டும் இன்றுவரை தொட்டதில்லை; இருட்டாகக் கிடக்கும் வரைபடத்தில் முதல் ஆட்டுக்கூட்டத்தை நானே கண்டுபிடிக்க வேண்டும்.

சித்திரங்களைப் பற்றி ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். புதிய மரங்கள் அழகு. கிளைகள் தனித்தனியாகத் தெரிகின்றன, நிழல் விழுகிறது. அந்த அழகின் பின்னால் எதிரியின் ஈட்டிக்காரன் ஒளிந்து நின்றால் சட்டென்று கண்ணில் படுவதில்லை. காட்டுக்குள் எத்தனை கட்டம் வெட்டியிருக்கிறோம், சுவர் எழுப்ப இடைவெளி இருக்கிறதா என்பதும் சட்டென்று புலப்படுவதில்லை. எனவே விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மாட் (ஆட்டக்காரர்கள் செய்து பகிரும் மாற்றங்கள்) பட்டியலிலிருந்து, மரங்களைச் செடியளவுக்குச் சுருக்கிவிடும் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறேன். போட்டிக்கு ஆடும் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய காட்டைக் கத்தரித்துவிட்டு ஆடுகிறோம் என்பது வேடிக்கைதான். 2017இல் வந்த, ஸ்டார்கிராஃப்ட் என்ற இன்னொரு போர் விளையாட்டின் மறுபதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் பழைய சித்திரத்துக்கு மாறலாம். அப்படியொரு விசை இதில் இல்லாதது எனக்குக் குறையாகவே தோன்றுகிறது.

இணையத்தில் ஆடியபோது நேர்ந்த சங்கடத்துக்கு என் பழைய மடிக்கணினிதான் பொறுப்பு. எட்டு ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. தரவரிசை ஆட்டங்களில் நுழைவதற்கு முன் ஒரு வேகச் சோதனையில் ஆயிரம் புள்ளி எடுத்தாக வேண்டும். எல்லா அமைப்புகளையும் குறைத்துவைத்துத் தட்டுத்தடுமாறித் தேறினேன். நாலுக்கு நாலு ஆட்டத்தில் நாற்பதாவது நிமிடம், எல்லோருடைய படையும் நிரம்பிய வேளையில், திரை விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது. எனக்கு மட்டுமல்ல, எட்டுப் பேருக்கும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான் என்ற தகவல் கம்பிவழியே போவதில்லை; ஆட்டக்காரர் இட்ட கட்டளைகள் மட்டுமே போகின்றன, ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. தொலைபேசி மோடம் காலத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களை ஓட்டுவதற்குக் கண்டுபிடித்த இந்த உத்தியில், மெதுவான ஒரு கணினிக்காக மற்ற எல்லாமே காத்திருக்க நேர்கிறது. ஏழு பேரின் திட்டையும் வாங்கிக்கொண்டு வெளியேறிய நான், கணினியை மாற்றும்வரை ஒருவருக்கொருவர் ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கணினியோடு ஆடுபவர்களுக்கு ஒரு நற்செய்தி: பழைய பதிப்பில் மிகக் கடினமான நிலையில் கணினிக்கு வளங்களை இலவசமாக அள்ளிக்கொடுத்தார்கள், புதிய ஏஐ (கணினியே எதிராளியாக ஆடும் நிரல்) அந்தக் கள்ளாட்டம் இல்லாமலே நன்றாக அடிக்கிறது. சிடி காலத்து ஏஐயையும் தேர்ந்தெடுத்து ஒரே களத்தில் மோதவிடலாம். விட்டுப் பார்த்தேன், பழையதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் திராவிடர் என்றொரு இனத்தைக் கொண்டுவந்தது. ராசேந்திர சோழன் பெயரில் கதைத்தொடர் ஒன்றும் உண்டு. வில்லேஜரைக் கிளிக் செய்ததும் தமிழில் பதில் வந்தபோது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு இன்னும் நான்கு முறை கிளிக் செய்தேன். இருபதாண்டுகளாக ஆங்கிலேயரையும் மங்கோலியரையும் கட்டி மேய்த்தவனுக்கு அது வேறு மாதிரியான கூச்சத்தைத் தந்தது. ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டங்களான யுகங்களில் ஒவ்வொன்றாக ஏறும்போதும் இவர்களுக்கு 200 மரம் இனாம். திரிசடை என்ற பெருங்கப்பலும், சுருள்வாள் சுழற்றும் உருமி வீரர்களும், எதிரியின் கவசத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் வூட்ஸ் எஃகும் உண்டு. நைட் எனப்படும் கனத்த குதிரைவீரர்கள் அறவே இல்லை; கடல்வழியாகக் குதிரையை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாட்டுக்கு அது பொருத்தம்தான் என்று, திறந்த வெளியில் தோற்கும்போதெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீர் நிறைந்த வரைபடம் அமைந்தால் கணக்கு வேறு. ஒரு விந்தை: வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள், பட்டியல்களைத் தமிழில் படிக்கத்தான் வழியில்லை; மொழித் தேர்வில் இந்தி இருக்கிறது, மலாய் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்து முதலில் அடிப்படைப் பதிப்பை மட்டும் வாங்குங்கள். அதிலுள்ள 35 இனங்களைப் பழகவே ஓராண்டு போய்விடும். 1080பி திரை வைத்திருப்பவர்கள் தனியாகத் தரவிறக்கும் உயர்தரச் சித்திரத் தொகுப்பைத் தொட வேண்டாம். அந்த இடத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். பழைய விசை அமைப்பு வேண்டுமானால் அமைப்புகளில் ஹாட்கீ பகுதியில் இருக்கிறது, முதல் ஆட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.