கால் துடிக்குதுன்னு போனேன், ரெண்டு ஸ்டார அஞ்சா மாத்துறேன்

மூணு மாசம் முன்னாடி இதே கிளினிக்குக்கு ரெண்டு ஸ்டார் போட்டு "ஒரு டெஸ்ட்டும் எடுக்கல, பத்தே நிமிஷத்துல அனுப்பிட்டார், பீஸ் தண்டம்"னு எழுதுனது நான்தாங்க. அத அழிச்சிட்டு இத எழுதுறேன்.

சேலம் அம்மாப்பேட்டைல எங்களுக்கு விசைத்தறி. தறி ஓடுனா தரையே அதிரும், அதனால கெண்டைக்கால் துடிச்சப்ப மொதல்ல தறி அதிர்வுன்னுதான் நெனச்சேன், ஆனா கரண்ட் போயி தறியெல்லாம் நின்ன பெறகும் என் கால் மட்டும் தனியா ஓடிட்டு இருந்துச்சு. தோலுக்கு அடியில புழு நெளியுற மாதிரி. அம்மா பஞ்சாங்கத்த எடுத்து துடிப்பு பலன் பாத்துட்டு "நல்லதாத்தான்டா போட்டிருக்கு"ன்னாங்க, நான் அதோட விட்டிருக்கணும், போன எடுத்து தேடுனேன். அஞ்சு நிமிஷத்துல ஏஎல்எஸ்ல போய் நின்னுட்டேன், நரம்பு கெட்டு கை கால் ஒவ்வொண்ணா செயலிழந்து போற வியாதி, அதாங்க விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயசுல கண்டுபுடிச்சாங்களே அது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு, தூங்காததுல மறுநாள் கண் இமை, தொடை, கட்டைவிரல்னு எல்லாம் துடிக்குது.

டாக்டர் பெரியவர், மெதுவாத்தான் பேசுவார். குதிகால்ல நடக்க சொன்னார், நுனிக்கால்ல நடக்க சொன்னார், சுத்தியல வெச்சு முட்டிய தட்டுனார், நாக்க பாத்தார், தொடைய ரெண்டு கையாலயும் புடிச்சு அழுத்தி பாத்தார். என்ன வேலைன்னு கேட்டார். தறின்னேன். "இழை அறுந்தா யாரு முடிச்சு போடுறது?" நாந்தாங்கன்னேன். "விரலு கேக்குதா?" கேக்குதுங்க. "அப்பறம் என்னப்பா, அந்த வியாதின்னா பலம் குறையும், சதை மெலியும், நீ தலைமுடி கனத்துல இருக்குற நூல முடிச்சு போட்டுட்டு இருக்க". டீ எத்தன குடிக்கறன்னார், நைட் ஷிப்டுல எட்டு ஒம்போது ஆகும்னேன், அதோட ஏற்காட்டுல சித்தப்பா குடுத்துவிடற காபித்தூள் வேற. மூணுக்கு மேல வேண்டாம், தூங்கு, போன்னுட்டார். சதைல ஊசி குத்தி பாக்கற ஈஎம்ஜி டெஸ்ட் எழுதுங்கன்னு கெஞ்சுனேன், தேவையில்லன்னுட்டார். அந்த கடுப்புலதான் ரெண்டு ஸ்டார்.

அப்பறம் வேற ஒரு எடத்துக்கு போயி கேட்டதெல்லாம் எடுத்தேன். நரம்பு டெஸ்ட், ஈஎம்ஜி, எம்ஆர்ஐ, தைராய்டு, கால்சியம், பி12, ஒரு பாவு நூல் காசு போச்சு. எல்லாமே நார்மல். அந்த சந்தோஷம் கரெக்டா நாலு நாள் இருந்துச்சுங்க. அஞ்சாவது நாள் "டெஸ்ட்டு ரொம்ப சீக்கிரமா எடுத்துட்டமோ, இன்னும் தெரியற அளவுக்கு வரலையோ"ன்னு மண்டைக்குள்ள ஆரம்பிச்சிருச்சு.

ரிப்போர்ட் ஃபைல தூக்கிட்டு திரும்ப இந்த பெரிய டாக்டர்ட்டயே வந்தேன். ஃபைல தொறக்கவே இல்ல மனுஷன். "ஒரு நாளைக்கு எத்தன தடவ நுனிக்கால்ல நின்னு பாக்கற?" எனக்கு தூக்கிவாரி போட்டுச்சு, ஏன்னா வீட்ல யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல நின்னு பாப்பேன், நாப்பது அம்பது தடவ இருக்கும். "அப்படி நின்னா யானைக்கே கெண்டைக்கால் துடிக்கும்"னார். மெடிக்கல் காலேஜ் படிக்கறப்ப அவருக்கும் இமை துடிச்சு இதே பயம் வந்துச்சாம். அமெரிக்காவுல மாயோ கிளினிக்ல இந்த மாதிரி வெறும் துடிப்போட வந்த 121 பேர வருஷக்கணக்கா, சில பேர 30 வருஷத்துக்கு மேலயும், தொடர்ந்து பாத்து 1993ல எழுதியிருக்காங்க, ஒருத்தருக்கு கூட அந்த வியாதி வரலைன்னார். நான் நிம்மதியா மூச்சு விட்டேன், ஒடனே "இதுவும் உனக்கு நாலு நாளைக்குத்தான் தாங்கும்"னு சொல்லிட்டு வெளிய உக்காந்திருந்த என் வீட்டுக்காரிய உள்ள கூப்பிட்டார். துடிக்குதா பாருன்னு நான் கேட்டா பாக்கவும் கூடாது, ஒண்ணுமில்லன்னு சொல்லவும் கூடாதாம். எனக்கு, போன்ல தேடக்கூடாது, நுனிக்கால்ல நிக்கக்கூடாது. "செருப்பு தன்னால கழண்டு விழுது, பாட்டில் மூடி திருக முடியலன்னா அன்னைக்கே வா, துடிக்குதுன்னு மட்டும் வராத". அதுக்கும் ஃபுல் பீஸ் வாங்குனாங்க, அது வேற விஷயம்.

மொத ஒரு வாரம் நரகம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி காலப் பாருன்னா "டாக்டர் பாக்க வேண்டாம்னாருங்க"ன்னு அந்தப்பக்கம் திரும்பி படுத்துக்குவா. போன வாரம் அவளே "இப்பல்லாம் துடிக்கறதில்லையா"ன்னு கேட்டா. துடிக்குது, இத டைப் பண்றப்ப கூட எடது கால்ல துடிச்சுட்டுதான் இருக்கு.

போறவங்களுக்கு ஒண்ணு, சாயங்காலம் 6 மணி டோக்கன்னா 8 மணிக்குத்தான் கூப்பிடுவாங்க, சேர் பத்தாது, வண்டி நிறுத்த எடமே இல்ல. டோக்கன் போட்டுட்டு எதுத்தாப்ல தட்டுவடை செட் கடைல நில்லுங்க, நம்பர் கூப்பிட்டா அங்கயே கேக்கும். பூண்டு செட் நல்லாருக்கும். பக்கத்துல டீக்கடையும் இருக்கு, நான் அந்தப்பக்கம் போறதில்ல.