ஏர்ஹெல்ப்: 35 சதவீதம் கொடுக்கலாமா?

விமானம் மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 சட்டப்படி தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். அதை வாங்கித் தரும் தானியங்கிச் சேவைகளில் பிரபலமானது ஏர்ஹெல்ப். முன்பணம் இல்லை. பணம் வந்தால் 35 சதவீதம் அவர்களுக்கு. வழக்குக்குப் போனால் இன்னும் 15. ஆக, 600 யூரோவில் கைக்கு வருவது 390 அல்லது 300.

இதில் உருப்படியான பகுதி இலவசப் பரிசோதனை. விமான எண்ணையும் தேதியையும் கொடுத்தால் சட்டம் பொருந்துமா என்று சொல்லிவிடும். நாமே பார்த்தால் குழம்பும் இடம் இது. சென்னை–பிராங்க்பர்ட் லுப்தான்சாவுக்கு உண்டு. கொழும்பு–பாரிஸ் ஸ்ரீலங்கனுக்குக் கிடையாது. திரும்பி வரும் பாரிஸ்–கொழும்புக்கு உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமும் சிக்கும், உள்ளே வரும்போது ஐரோப்பிய நிறுவனம் மட்டும்தான். பாரிஸ்–துபாய்–சென்னை ஒரே புக்கிங் என்றால், துபாயில் ஏற்பட்ட தாமதத்துக்கும் கேட்கலாம்.

திரையில் வரும் 600-ஐ அப்படியே நம்ப வேண்டாம். 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் தாமதம் நான்கு மணி நேரத்தைத் தொடவில்லை என்றால் நிறுவனம் பாதியாகக் குறைக்கலாம். தரையிறங்கிய நேரமும் கணக்கில்லை. கதவு திறந்த நேரம்தான் கணக்கு (ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு). 2 மணி 55 நிமிடத் தாமதத்தில் சக்கரம் தரை தொட்டு, 3 மணி 5 நிமிடத் தாமதத்தில் கதவு திறந்தால் இழப்பீடு உண்டு. கதவு திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு தலைவலி, பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பவர்களின் டிக்கெட்டில் ஒரே பெயர் இரண்டு முறை அச்சாகியிருக்கும். படிவத்திலும் டிக்கெட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். இனிஷியலை விரித்து எழுதினால் பொருந்தாமல் போகும்.

எடுத்த எடுப்பில் சேவையிடம் ஒப்படைப்பது வீண் செலவு. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே படிவம் இருக்கும். பிஎன்ஆர் (டிக்கெட்டில் உள்ள புக்கிங் குறியீடு), விமான எண், போய்ச் சேர்ந்த நேரம், அந்தச் சட்டத்தின் 7வது பிரிவின்படி வரவேண்டிய தொகை, வங்கிக் கணக்கு எண், இவ்வளவுதான். கோட்ஷேர் டிக்கெட் (ஒரு நிறுவனம் விற்று, இன்னொன்று விமானத்தை இயக்குவது) என்றால் விற்ற நிறுவனத்திடம் அல்ல, விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வவுச்சர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போடாதவரை பணமாகத்தான் தரவேண்டும்.

தாமதத்துக்கு 'அசாதாரணச் சூழ்நிலை' காரணமென்றால் நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதில்லை. அப்படிப் பதில் வந்தால் காரணத்தைப் பாருங்கள். வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு அதில் சேராது (2008 தீர்ப்பு). சம்பளத்துக்காகச் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தமும் சேராது (2021). அதைச் சுட்டி மறுபடி எழுதியும் மசியாவிட்டால், அப்போது கமிஷன் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வானிலையைக் காரணம் காட்டினால் அந்த நேரத்து விமான நிலையப் பதிவுகளோடும், மற்ற விமானங்கள் கிளம்பினவா என்பதோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது தனி ஆளுக்குச் சிரமம்.

ஒப்படைக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கையெழுத்திட்ட பிறகு விமான நிறுவனம் நேராக உங்கள் கணக்கில் போட்டாலும் கமிஷன் கட்டவேண்டி வரும். அவசரமும் இல்லை: ஜெர்மனியில் பயணம் செய்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டும், பிரான்சில் ஐந்து ஆண்டும் அவகாசம் உண்டு.