ராயல் ஸ்காட்ஸா, கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸா?

பழைய பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றின் வரலாற்றைப் படிக்கலாம் என்று இறங்கினால் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வயது: ராயல் ஸ்காட்ஸ் 1633, ஜான் ஹெப்பர்ன் திரட்டியது. கோல்ட்ஸ்ட்ரீம் 1650, ஜார்ஜ் மங்க் திரட்டியது.

பிறப்புதான் சுவாரசியம். முதலாவது, மன்னர் முதலாம் சார்லஸின் அனுமதியோடு பிரான்சுக்காகச் சண்டையிடப் போன ஸ்காட்லாந்துப் படை. இரண்டாவதோ உள்நாட்டுப் போரில் வென்று அதே மன்னரின் தலையை வெட்டிய நாடாளுமன்றத் தரப்பின் படை. 1660-இல் கோல்ட்ஸ்ட்ரீம் ஊரிலிருந்து லண்டனுக்கு நடந்து, மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பிவர வழிவிட்டு, மறு ஆண்டு டவர் ஹில்லில் ஆயுதத்தைக் கீழே வைத்து, அப்படியே அரச படையாக அதை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டது. என்ன ஒரு பல்டி!

மனதில் நிற்பது: கோல்ட்ஸ்ட்ரீமுக்கு, நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போரில் ஊகுமோன் பண்ணையின் வாசற்கதவைத் தள்ளி மூடிய நிமிடம். ராயல் ஸ்காட்ஸுக்கு 1915 குவின்டின்ஸ்ஹில் ரயில் விபத்து. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலி போர்முனைக்குக் கிளம்பியவர்களில் 200க்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டைத் தாண்டும் முன்பே இறந்தார்கள்.

இன்று: ராயல் ஸ்காட்ஸ் 2006-இல் வேறு ரெஜிமெண்டுகளோடு இணைக்கப்பட்டுவிட்டது. கோல்ட்ஸ்ட்ரீம் இன்னும் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலில் நிற்கிறது, சீருடைச் சட்டையில் பொத்தான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்க.

சரி, எது யாருக்கு? அரசியல் திருப்பம் பிடித்தவர்களுக்கு கோல்ட்ஸ்ட்ரீம். முதலும் முடிவும் உள்ள முழுக் கதை வேண்டுமென்றால் ராயல் ஸ்காட்ஸ். என் ஓட்டு ராயல் ஸ்காட்ஸுக்கு, அந்த ரயிலுக்காகவே.