ஃபிளாப்பி டிரைவுக்கு எந்தக் கூடு?

பழைய 5.25 அங்குல ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கைக்கு வந்துவிட்டது. டிஸ்கில் இருப்பதைக் கணினிக்கு எடுக்க கிரீஸ்வீசில் போர்டும் இருக்கிறது. டிரைவை மேஜைமேல் அப்படியே கிடத்தி, கேபிளைச் செருகினால் வேலை நடந்துவிடும். முதல் வாரம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். டிரைவின் அடியில் சர்க்யூட் போர்டு திறந்தே கிடக்கும். ஒரு நாள் அதன் கீழே ஸ்க்ரூடிரைவர் உருண்டு போய் நின்றது. சட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது. நல்லவேளையாக பவர் சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது, டிரைவ் பிழைத்தது. அன்று மாலையே டிரைவை உள்ளே வைக்க ஒரு கூடு தேட ஆரம்பித்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். 5.25 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். 3.5 அங்குல டிரைவுகளில் பெரும்பாலானவை 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். பாதித் தேர்வு இதிலேயே முடிந்துவிடுகிறது.

என் ஓட்டு, 1990களில் ஸ்கஸி என்ற இணைப்பில் கணினிக்கு வெளியே ஓடிய சிடி-ராம் டிரைவின் பெட்டிக்கு. அந்த சிடி டிரைவுகளும் அதே 5.25 அங்குல இடத்துக்காகச் செய்யப்பட்டவைதான்: அகலம் 146 மி.மீ., உயரம் சுமார் 41 மி.மீ. அதனால் 'அரை உயரம்' எனப்படும் இதே அளவு ஃபிளாப்பி டிரைவ் முன்வாயில் கச்சிதமாக உட்காரும். முகப்பு சிடி டிரைவுக்கென்றே தனியாக வார்க்கப்பட்ட பெட்டி என்றால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே மோலெக்ஸ் முனையோடு (டிரைவுக்கு மின்சாரம் தரும் நான்கு பின் பிளக்) பவர் சப்ளை, பின்னால் ஸ்விட்ச், பெரும்பாலும் இரும்புத் தகட்டு உடம்பு. பின்புறத்தில் இருக்கும் இரண்டு 50 பின் சாக்கெட்டுகளையும் கழற்றிவிட்டால், 43 மி.மீ. அகலமுள்ள 34 கம்பி ரிப்பன் கேபிள் அந்த ஓட்டை வழியே தாராளமாக வெளியே வரும். ஃபேனின் இணைப்பை நான் பிடுங்கிவிட்டேன். ஃபிளாப்பி டிரைவுக்கு அந்தக் காற்று தேவையில்லை. தூசியைத்தான் உள்ளே இழுக்கும்.

ஆழத்தை மட்டும் அளக்காமல் வாங்காதீர்கள். டீயக் எஃப்டி-55 போன்ற டிரைவ் 20 செ.மீ. நீளம். அதன் பின்னால் விளிம்பு கனெக்டரும் கேபிளின் வளைவும் இன்னொரு 3 செ.மீ. தின்னும். பவர் சப்ளை குறுக்கே நின்றால், டிரைவ் முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, முப்பது வருடப் பவர் சப்ளையை நம்பி ஸ்விட்ச் போடக் கூடாது. நான் போட்டேன். இருபது நிமிடம் அமைதி, அப்புறம் மீன் நாற்றம். கெப்பாசிட்டர் ஒழுகியிருந்தது. கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மெயின்ஸ் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். தெரியாதவர்கள் சப்ளையை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் ஐடிஇ-யு.எஸ்.பி. கிட்டுகளோடு வரும் மோலெக்ஸ் முனை அடாப்டரைப் போட்டுவிடலாம். டிரைவில் செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்: சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், மஞ்சளில் 12. நான் இப்போது ஓட்டுவதும் அப்படித்தான். அந்த இடம் காலியானதில் ஆழப் பிரச்சினையும் சேர்ந்து தீர்ந்தது.

பிற்காலத்தில் வந்த யு.எஸ்.பி. டிவிடி பெட்டிகள் இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும், அடாப்டரும் கூடவே வரும். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு ஃபிளாப்பியோடு பேசாது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மின்சாரமும் பல பெட்டிகளில் அந்தப் போர்டு வழியாகத்தான் டிரைவுக்குப் போகிறது. கடைசியில் கையில் மிஞ்சுவது வெறும் கூடும் ஒரு அடாப்டரும். பின்பக்கத்தில் கேபிளுக்கு ஓட்டையும் நீங்களே போட வேண்டும். மோசமில்லை, ஆனால் ஸ்கஸி பெட்டிக்கு ஒரு படி கீழேதான்.

3.5 அங்குல டிரைவுக்கு இந்த யோசனை எதுவும் வேண்டாம். 3டி பிரிண்டரில் அச்சிட்ட கூடே போதும். கிரீஸ்வீசில் வி4 போர்டு, யு.எஸ்.பி.யிலிருந்து வாங்கும் 5 வோல்ட்டையே டிரைவுக்கும் கொடுத்துவிடும்; டிரைவும் போர்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும், வெளியே ஒரே ஒரு கேபிள். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும் என்று பயப்படுகிறார்கள். டிரைவ் அந்தச் சூட்டுக்கு வராது, வெயில் படும் ஜன்னலோரம்தான் ஆபத்து. காந்தப்புலத்தை பிளாஸ்டிக் தடுக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பழைய பிக்சர் டியூப் மானிட்டருக்கு அருகே வைக்காதீர்கள்.

கையாலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு ப்ளைவுட்டே போதும். பலர் அலுமினியத் தகட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். வளைக்கச் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை, ப்ளைவுட் மாதிரியே மெல்லிய அலுமினியமும் அவ்வளவாகத் தடுப்பதில்லை, அதற்கு இரும்புதான் வேண்டும். எந்த உலோகமானாலும், டிரைவின் அடிப்போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடுங்கள்.

கமடோர் 1541, ஆப்பிள் டிஸ்க் II போன்ற பழைய வீட்டுக் கணினி ஃபிளாப்பி டிரைவுகள் பிறக்கும்போதே கூட்டோடு வந்தவை. 1541க்குள் தனியாக ஒரு 6502 ப்ராசஸரே ஓடுகிறது. வேலை செய்கிற ஒன்றைப் பிரித்து அதன் கூட்டை மட்டும் எடுக்க எனக்கு மனசு வராது. உள்ளே செத்துப்போனது கிடைத்தால் சரி.

எந்தக் கூடானாலும் 3.5 அங்குல ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய ஸ்க்ரூவைப் போடாதீர்கள். அது 6-32 என்ற அங்குலக் கணக்கு மரை. ஃபிளாப்பி டிரைவுக்கு எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூ) வேண்டும். தடிமனான ஸ்க்ரூ முதல் இரண்டு சுற்று சாதுவாக உள்ளே போகும், மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுவிடும்.